ஒன்பதாவது படத்தின் இடது ஓரம்

“...அழிக்காதீங்கண்ணே! மொதல்ல அந்த பட்டன்ல இருந்து வெரல எடுங்க. மாடு எப்பத் திரும்புச்சு, எங்க வீட்டுக்காரரு எப்ப வெடியப் போட்டாருன்னு எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள இருக்குல்ல? அத எனக்குக் காட்டுங்க. காட்டிட்டு அப்புறம் என்னமோ செஞ்சுக்குங்க.”

தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பின்புறம், சுவரோடு சுவராக ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் கேமரா. கட்டைவிரல் அழிக்கிற பட்டன் மேல். என் எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் எஸ்டேட் வாட்ச்மேனின் மனைவி. கொழுந்து எடுக்கும்போது உடம்பு நனையாமல் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கு பாதி கிழிந்து தொங்கியது. கொட்டகைக்கு அந்தப்புறம், ஐம்பதடி தள்ளி, அவருடைய கணவரை ஏழெட்டுப் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாக்கைக் கல்லில் ஓங்கி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே ஒரு மனிதக் குரல். பிறகு குரல் நின்றுபோய் சாக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

இது எப்படி வந்தது என்பதை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். நல்லவிதமாகச் சொல்வதற்கு என் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

நான் குன்னூரில் பேக்கரி வைத்திருப்பவன். வர்க்கியும் ரொட்டியும் சுட்டே நாற்பத்தெட்டு வயசானது. கேமராவை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்வது எனக்கு இன்னொரு பழக்கம். டீ குடித்துக்கொண்டே ஒருவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போவார், அது எனக்கு ஒரு வாரத்துக்கு ஓடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளியான மின்வாரிய லைன்மேன் தம்பி ஒருமுறை சொன்னது அப்படித்தான்: “கரண்டுக்கும் காட்டுமாட்டுக்கும் ஒரே மரியாதைதானுங்ணா. தள்ளி நின்னு குடுக்கற மரியாதை.” அந்த வாக்கை நான் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரிக்கத்தான் தெரிந்தது.

படம் பிடிக்கிறவர்கள் என்றால் சாந்தமானவர்கள், பூவையும் பனியையும் பார்த்து நிற்பவர்கள் என்று வெளியே ஒரு நினைப்பு உண்டு. எங்களைக் கூட வந்து பார்க்க வேண்டும். மசினகுடிப் பக்கம் ஒரு ஜீப்பில், சிறுத்தை தெரிகிற பக்கத்து சீட்டுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் டாக்டர், இன்னொருவர் கல்லூரியில் பாடம் நடத்துபவர். டாக்டரின் மூக்கு உடைந்து லென்ஸ் மேல் ரத்தம் சொட்டியது. அவர் முதலில் துடைத்தது லென்ஸை. மூக்கு அப்புறம்தான். சிறுத்தை இதற்குள் போய்விட்டது. பைக்காராவில் ஒரு விடிகாலை, தண்ணீர்மேல் எழுகிற பனிமஞ்சை எடுக்க கேமரா முக்காலி வைக்கிற இடத்துக்குத் தகராறு வந்து, ஒருவருடைய முக்காலியை இன்னொருவர் தூக்கிப் பாறையில் அடித்துக் காலை முறித்தார். நான் அப்போது இரண்டு பேரையும் விலக்கிவிடவில்லை. அவர்கள் சண்டை போட்ட நேரத்தில் நல்ல இடத்தில் என் முக்காலியை வைத்துக்கொண்டேன். எனக்குள் என்ன இருந்தது என்பதற்கு அதுவே போதும்.

ஐந்து வருஷம் என் கையில் இருந்தது சின்ன சென்சார் உள்ள பழைய கேமரா. அதில் ஒரு நீள லென்ஸ். காட்டுமாடு எடுக்கும்போது நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கேமராவுக்குள் தெரிகிற கட்டத்தில் மாடு பாதியை அடைத்தால் நில். முக்கால்வாசி அடைத்தால் திரும்பு. அவ்வளவுதான். தேயிலைச் சரிவில் நின்றுகொண்டு யாரும் டேப் வைத்து அளக்க முடியாது. கண்ணை கேமராவில் வைத்தபின் தூரம் என்பதே தெரியாது, கட்டம் ஒன்றுதான் தெரியும். அதனால் கட்டமே எங்களுக்கு அளவுகோல். லைன்மேன் தம்பிக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன். ஐந்து வருஷத்தில் ஒரு மாடும் எங்களைப் பார்த்து மூச்சு விட்டதுகூட இல்லை.

பிறகு பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வந்தது. கோயமுத்தூரில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் புதுசு வாங்கிக்கொண்டு பழையதை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: “என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கலீங்க. ரெண்டு பஜ்ஜியத் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போனீங்க.”

அவள் சொன்னது நியாயம்தான். அந்த கேமரா எனக்குள் ஒரு வெறியைக் கிளப்பிவிட்டது. இருட்டு அடுப்படியில், தணல் வெளிச்சத்தில் மாவுத் தூசி பறப்பதைக்கூட அது பிடித்தது. எட்டு மணி மஞ்சில் பழைய கேமரா கஞ்சி மாதிரி காட்டுவதை இது இழை இழையாகப் பிரித்துக் கொடுத்தது. மூன்று வாரம் பூவையும் மேகத்தையும் கடைப் பூனையையும் எடுத்துத் தள்ளினேன். ஆனால் மனசு காட்டுமாட்டிலேயே இருந்தது. அந்தக் கருப்பு முதுகில் வெயில் விழும்போது ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரிய வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

இதில் ஒரு விஷயம் உண்டு, எங்களுக்கு எல்லாம் தெரிந்த விஷயம். சென்சார் பெரிதானால், அதே லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பழைய கேமராவில் பாதிக் கட்டத்தை அடைத்த மாடு, இதில் மூன்றில் ஒரு பங்குதான் அடைக்கும். பழைய அளவுக்குப் பெரிதாக வேண்டுமென்றால் இன்னும் கிட்டே போக வேண்டும். லைன்மேன் தம்பி முதல் நாளே வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏனுங்ணா, பூராம் தள்ளிப் போயிருச்சாட்டம் இருக்குதுங்க!” நான்தான் அவனுக்கு விளக்கமும் சொன்னேன். மூளைக்கு அது தெரியும். காலுக்கு யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரி ரோட்டில் ஓர் எஸ்டேட். எது என்று சொல்லவில்லை. வாட்ச்மேன் லைன்மேன் தம்பிக்குப் பழக்கம், கம்பம் பார்க்கப் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பவர். அறுபதை நெருங்கியவர். சிலோனில் இருந்து திரும்பி வந்த குடும்பம். சின்னப் பிள்ளையாக வந்தவர் என்றாலும் பேச்சில் இன்னும் அந்த மலையின் வாடை இருக்கும். தோளில் ஒரு காக்கிப் பை, அதில் மாட்டை விரட்டுகிற வெடி. உதட்டில் பீடி.

“ஒத்த மாடு நிக்கிது, மேல் மலையில. ஒத்தையா நிக்கிற மாடு கோவக்காரன்,” என்றார். “மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சா எம் பேரக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாரு. ரெண்டு மணி நேரந்தான். கீழ் மலையில இன்னைக்கு அன்னன்னைக்குக் கூலி வாங்குற கைக்காசு ஆளுங்க கொழுந்து வெட்டுறாங்க. அந்தப் பக்கம் மட்டும் மாட்டைத் தள்ளிராதீங்க, சரியா? ஆளு இருக்கிற எடத்துல வெடி போடக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர்.”

“நாங்க எங்கீங்க தள்றது? நாங்க நின்ன எடத்துலயே வேர் புடிச்சிருவோமுங்க,” என்றான் தம்பி.

“வேர் புடிச்சா தேயில மாதிரி வெட்டி கவ்வாத்து பண்ணிருவேன்,” என்று சிரித்துவிட்டு வாட்ச்மேன் மேல் ரோட்டுக்குப் போனார்.

ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. எட்டரை மணிக்கு மஞ்சு விலகி வெயில் விழுந்தது. மாடு தேயிலைக்கு நடுவே இடுப்பளவு தெரிய நின்று மென்றுகொண்டிருந்தது. முதுகெலும்பு மேட்டில் நீர்த்துளி மின்னியது. செடிகளின் இடைவெளியில் முட்டிவரை வெள்ளைக் கால். கொம்பு நுனி மட்டும் கருப்பு. தம்பி நூறு எட்டு தூரம் தள்ளியே நின்றுவிட்டான். அவன் கையில் இருந்தது என் பழைய கேமரா. அவன் கட்டம் பாதி நிறைந்துவிட்டது. எனக்கு நிறையவில்லை. போனேன். இன்னும் நிறையவில்லை. இன்னும் போனேன். பாதி வந்தது, ஒரு நிமிஷம் நின்றேன். ஐந்து வருஷம் என்னைக் காப்பாற்றிய அதே கணக்கு, இதோ பாதி, இங்கே பயமில்லை என்று சொன்னது. பிறகு மாடு பக்கவாட்டில் திரும்பி, உடம்பு முழுக்கக் காட்டியது. அது தன் பருமனைக் காட்டுகிறது, மிரட்டுகிறது, அது எனக்குத் தெரியும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆஹா, போஸ் கொடுக்கிறதே என்று நினைத்தேன். முக்கால் கட்டம் நிறையும்வரை போகலாம் என்று இன்னும் இருபது எட்டு வைத்தேன்.

பின்னால் தம்பி, “ணா... ணா...” என்று அடங்கிய குரலில் கூப்பிட்டான். மேல் ரோட்டில் இருந்து வாட்ச்மேன் கத்தியதும் கேட்டது. படம் எடுக்கிற பட்டனை அழுத்திப் பிடித்திருந்த விரலை எடுக்கவில்லை. கேமரா தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாடு மூக்கால் ஒரு சத்தம் விட்டது. பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் ஒரு சீறல். தலையைக் கீழே இறக்கியது. முன்னங்காலைத் தூக்கி வைத்தது. முதலில் நடைதான். அப்புறம் நடை அல்ல. தேயிலைச் செடி ஒடியும் சத்தம் துப்பாக்கிச் சூடு போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்போதும் கட்டத்துக்குள் அது வெறும் படமாகத்தான் தெரிந்தது. கண்ணை எடுத்தேன். கண்ணை எடுத்த பிறகுதான் தூரம் தெரிந்தது. தூரமே இல்லை. டன் கணக்கில் இறைச்சியும் கொம்பும், அதன் கண்ணில் வெள்ளை தெரிகிறது. மூத்திரம் போனது எனக்கு. அதை எழுத வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது பின்னால் வருகிறது.

வெடி எனக்கு இடதுபுறமாக வந்து, மாட்டின் விலாவை ஒட்டி விழுந்து வெடித்தது. பத்து எட்டுகூட இல்லை எனக்கும் அதற்கும். மாடு உடம்பை வளைத்து என் வலப்பக்கம் பாய்ந்தது. அது கிளப்பிய மண் என் முகத்தில் அடித்தது. நான் விழுந்தேன். மாடு சரிவில் இறங்கிக் கீழ் மலைக்கே போனது, எங்கே போகக்கூடாதென்று சொன்னாரோ அங்கேயே.

அங்கே ஒருவர் குனிந்து கத்திரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார், அவ்வளவுதான் அவருக்கு நேரம் கிடைத்தது. கொம்பு தொடையில் இறங்கித் தூக்கியது. துணி மூட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி அந்த மனிதர் செடிகளுக்கு மேலே எழும்பியதை நான் விழுந்த இடத்தில் இருந்தே பார்த்தேன், விரல் அப்போதும் பட்டனில்தான். கத்திரி தனியாகப் பறந்தது, அதோடு கட்டிய பையில் இருந்த கொழுந்து மழை மாதிரி கொட்டியது. கீழே விழுந்தவரை மாடு இன்னொரு முறை முட்டிப் புரட்டிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கி மறைந்தது. மொத்தமும் ஒரு வர்க்கியைக் கடித்து விழுங்குகிற நேரம்.

லைன்மேன் தம்பிதான் முதலில் ஓடினான், நான் எழுந்து பின்னால் இறங்கிப் போனேன். தன் பெல்ட்டைக் கழற்றி, கிழிந்த தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். தொடை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. ரத்தம் செடிக்கு அடியில் மண்ணில் குழி பறித்துக்கொண்டு ஓடியது. அந்த மனிதர் கத்தவில்லை. “எங் கத்திரி, எங் கத்திரி,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டையாகப் பிழைத்தார். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. செத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

எடைக் கொட்டகைப் பக்கம் தூக்கி வந்து எஸ்டேட் பிக்கப்பில் ஏற்றினார்கள். தம்பி பெல்ட்டைப் பிடித்தபடியே கூட ஏறினான். வண்டி நகரும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னான்: “அதையெல்லாம் அழிச்சுப் போடுங்ணா. போலீசு வருவானுங்க, பாரஸ்ட்டும் வருவானுங்க. நீங்க எத்தன கிட்ட போனீங்கன்னு அதுல எல்லாம் கெடக்குது.” அவன் என் நல்லதுக்குத்தான் சொன்னான். அவனை நான் இதில் சேர்க்கவில்லை.

வண்டி வளைவில் மறைந்ததும் கூட்டம் திரும்பியது. ஆனால் என்னைப் பார்த்தல்ல.

கீழே குனிந்து வேலை செய்தவர்கள் கேட்டது வெடிச் சத்தம். பார்த்தது அதன்பின் ஓடிவந்த மாடு. நடுவில் நான் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஆள் இருக்கிற இடத்தில் வெடி போடக்கூடாது என்கிற ஆர்டர் எல்லாருக்கும் தெரியும். குத்துப்பட்டவரின் தம்பிக்கு முப்பது வயதிருக்கும், நல்ல தாட்டியான ஆள். போன மாதம் அவன் கவ்வாத்து விறகு தூக்கிப் போனதை வாட்ச்மேன் ஆபீஸில் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்பது அங்கே பழைய கணக்கு. வாட்ச்மேன் மேல் ரோட்டில் இருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து, “ஆளு எப்பிடி இருக்கான்? ஆளு எப்பிடி?” என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் முதல் அறை விழுந்தது.

“சும்மா மேஞ்சிட்டு இருந்த மாட்ட எங்கண்ணன் மேல ஏவி விட்டல்லடா, கெழட்டு நாயே!”

“இல்லப்பா! அது மொதல்ல அந்த கேமராக்காரர் மேல பாஞ்சிச்சு. அவரக் காப்பாத்தத்தான் நான்...”

“எந்தக் கேமராக்காரன்? மாட்டுக்கு முன்னால எவனையும் நாங்க பாக்கல. பொய் வேற சொல்றியா?”

நான் அங்கேதான் இருந்தேன். எடைக் கொட்டகை நிழலில், பதினைந்து எட்டில். வாட்ச்மேன் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். இன்னொரு எட்டு. சுவர் மறைத்தது. கூட்டத்தில் யாரோ, “ஞாயித்துக்கெழம கண்ட ஆளையும் உள்ள விட்ருக்கான் பாரு,” என்றார்கள். கவ்வாத்துக் குச்சி ஒன்று காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மண்டையிலோ தோளிலோ அது இறங்கும் சத்தம்.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டியது. கார்டையே ஒரேயடியாக அழிக்க ஒரு நொடி போதும். நான் அப்படிச் செய்யவில்லை. ஏன் என்றால், அதே கார்டில் காலையில் எடுத்த படங்கள் இருந்தன. வெயில் விழுந்த முதுகு. நீர்த்துளி. ஒவ்வொரு மயிரும். ஒரு மனிதனைச் சுவருக்கு அந்தப்புறம் அடித்துக்கொண்டிருக்கும்போது, நான் சுவருக்கு இந்தப்புறம் உட்கார்ந்து நல்ல படங்களை விட்டுவிட்டுக் கெட்ட படங்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அழித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்தில் இருந்து பின்னோக்கி. வானம். அழி. செடி. அழி. பறக்கிற கத்திரி. அழிக்குமுன் ஒரு நொடி அது நன்றாக விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். புருஷனைக் காப்பாற்றக் கூட்டத்துக்குள் புகுந்து பார்த்திருக்கிறார். இரண்டு முறை தூக்கி வெளியே தள்ளியிருக்கிறார்கள். படங்கு அதில்தான் கிழிந்தது. மூன்றாவது முறை போகாமல், கணவர் கை நீட்டிய திசையைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார். அந்த நேரத்தில் அந்தப் புத்தி எத்தனை பேருக்கு வரும்?

“அழிக்காதீங்கண்ணே,” என்றார். முதலில் சொன்னேனே, அத்தனையும் சொன்னார். விரலை எடுத்தேன்.

என் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். பின்னோக்கித் தள்ளினேன். புகை வந்தது, மாடு வளைகிற படம். அதற்கு முந்தியது, முந்தியது. ஒன்பதாவது படத்தில் அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கட்டத்தின் நடுவில் மாடு. தலை தாழ்ந்து, முன்னங்கால் தூக்கி, நேராக லென்ஸைப் பார்த்து. இடது ஓரத்தில், மேல் ரோட்டில், கொஞ்சம் மசங்கலாக ஓர் ஆள். பெரிதாக்கினேன். காக்கிச் சட்டை. வாய் அகலத் திறந்திருக்கிறது. வலது கை இன்னும் தோள் பைக்குள்ளேயே இருக்கிறது. வெடி வெளியே வரவே இல்லை. என் பழைய கேமராவாக இருந்திருந்தால் அந்த ஓரமே கட்டத்துக்குள் வந்திருக்காது. அவர் அங்கே நின்றதற்கு எங்கேயும் சாட்சி இருந்திருக்காது.

“இது எங்க வீட்டுக்காரரு,” என்றார்.

“ஆமாம்மா.”

“கை பைக்குள்ள இருக்கு.”

“ஆமா.”

“அப்ப இதுல மாடு யாரப் பாத்து வருது?”

“என்னத்தான்.”

“வெடி போடறதுக்கு முந்தியே?”

“முந்தியே.”

“நீங்க ஏன் அவ்வளவு கிட்ட போனீங்க?”

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. சென்சார், கட்டம், பாதி, முக்கால். என் வாய் அதைச் சொல்லவும் ஆரம்பித்தது. “இல்லம்மா, இது வேற கேமரா, இதுல பாத்தா தூரமா...” என்று இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. ரொட்டியில் பூஞ்சை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நிறுத்திக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப்புறம் மறுபடி அந்தச் சத்தம். ஒன்று, இரண்டு.

அந்த அம்மா எழுந்தார். கேமரா வார் என் கழுத்தில் கிடந்தது. அதைக் கேமராவோடு சேர்த்துப் பிடித்து, தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினார். சுற்றி இழுத்தார். கொழுந்து மூட்டை சுமக்கிற கை அது. கழுத்து நெரிந்து, நான் குனிந்தபடியே அவர் பின்னால் ஓடினேன். கொட்டகை மூலை தாண்டி, வாய்க்கால் தாண்டி, செடிக் குச்சிகள் முழங்காலைக் கிழிக்க, இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தை முழங்கையால் இடித்துப் பிளந்தார். வாட்ச்மேன் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கண் தெரியவில்லை, அந்த இடத்தில் வீக்கம்தான் இருந்தது. வாயில் இருந்து வந்தது ரத்தமும் மண்ணும். அந்த அம்மா என்னை அவர் பக்கத்தில் மண்டியிட வைத்தார்.

“சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன். மாடு என் மேல் வந்தது, இவர் வெடி போட்டது என்னைக் காப்பாற்ற, நான்தான் கிட்டே போனேன், நான்தான். கத்திச் சொன்னதாக நினைத்தேன். சத்தமே வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். குத்துப்பட்டவரின் தம்பி குச்சியை ஓங்கியபடியே, “இவன் யாரு புதுசா?” என்றான்.

அந்த அம்மா என் தலைக்கு மேலாக வாரைக் கழற்றினார். திரையில் ஒன்பதாவது படம் அப்படியே நின்றது. கேமராவை அவன் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார். கனமான சாமான், ஒரு கையால் தாங்க முடியாது. அதைப் பிடிக்க அவன் குச்சியைக் கீழே போட வேண்டியதாயிற்று. பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். “கை பைக்குள்ளடா,” என்றான் அவன், தணிந்த குரலில். அப்புறம் ஏழெட்டுத் தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

அதற்குள் அந்த அம்மா கீழே கிடந்த குச்சியை எடுத்துவிட்டிருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, அவர்கள் யாரும் என்னைத் தொடுவதற்கு முன்னால், என் முதுகில் ஒரே ஒரு அடி போட்டார். போட்டுவிட்டு, குச்சியைக் கீழே வைக்காமலே, கணவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.